பொசுபேற்றைக் கணக்குப் பார்க்கும் கலங்கள்: மனிதன் 350 வருடங்களில் படித்த பாடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சிறுநீரக நோய்க்கு மருந்தெடுக்கும் உம்மாவோ வாப்பாவோ உள்ள வீடுகளில் ஒரு மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். "சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேணும்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதற்கு என்று கேட்டால், "இரத்தத்தில பொஸ்பேட் கூடிட்டாம்" என்பார்கள். அதே வீட்டு மகன் பெரும்போகத்துக்கு வட்டைக்கு மூடை ஏற்றுகிறான். அந்த ரி.எஸ்.பி. பசளை மூடையில் இருப்பதும் பொஸ்பேட்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் ஏ.ரி.பி. என்றும் டி.என்.ஏ. என்றும் மனனம் செய்கிறாள். அவற்றுக்குள் இருப்பதும் அதேதான். ஆஸ்பத்திரியில் பொஸ்பேட், பாடப்புத்தகத்தில் பொசுபேற்று, பொருள் ஒன்று.

ஒரே பொருளை ஒருவருக்குக் குறைக்கச் சொல்கிறார்கள், இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி மண்ணில் கொட்டுகிறார். அப்படியானால் எவ்வளவு இருந்தால் போதும்? அதை உடம்பு எப்படி அறிகிறது? நெற்பயிர் எப்படி அறிகிறது? கண்ணுக்கே தெரியாத ஒரு கலம் தன் கையிருப்பை எப்படிக் கணக்குப் பார்க்கிறது? இந்தக் கேள்விகளுக்கு மனிதன் விடை தேடிய வரலாறுதான் இன்றைய பதிவு.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் பொசுபரசு இருக்கிறது. அதில் 85 வீதமளவில் எலும்பிலும் பல்லிலும் கல்சியத்தோடு சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கிறது. மீதியில் பெரும்பங்கு கலங்களுக்குள்ளே. இரத்தத்திலும் கலங்களுக்கு வெளியேயுள்ள திரவத்திலும் ஓடுவது 1 வீதமளவு மட்டுமே. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வு, பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ., சக்தியைக் கைமாற்றும் ஏ.ரி.பி. எல்லாவற்றுக்கும் பொசுபேற்று வேண்டும். அது இல்லாமல் ஒரு கலமும் இரண்டாகப் பிரிய முடியாது.

இந்தப் பொருளை மனிதன் கண்டதே ஒரு விசித்திரமான கதை. 1669 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹெனிங் பிராண்ட் என்பவர் மனிதச் சிறுநீரைப் பெருந்தொகையாகச் சேர்த்துக் காய்ச்சினார். மலிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் கல் அதிலிருந்து கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. பொன் கிடைக்கவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் வெண்மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. கிரேக்க மொழியில் 'ஒளியைச் சுமப்பது' என்ற பொருளில் அதற்குப் பொசுபரசு என்று பெயர் வந்தது. பிராண்ட் அந்த இரகசியத்தைக் காசுக்கு விற்றார். 1680 இல் இங்கிலாந்தில் ரொபர்ட் பொயில் தன் சொந்த முயற்சியில் அதைத் தயாரித்தார்.

சிறுநீருக்குள் அது ஏன் இருந்தது என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. உடம்பு தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அளந்து வெளியே தள்ளுகிறது. பிராண்டின் பானையில் விழுந்தது அந்த மிச்சம். உடம்பு பார்த்த கணக்கின் பெறுபேறு அவர் கையில் இருந்தது. அது ஒரு கணக்கு என்று அறிய இன்னும் 300 வருடங்களுக்கு மேல் தேவைப்பட்டது.

அடுத்த நூறு வருடத்தில் சுவீடனைச் சேர்ந்த கான், ஷீலே என்ற இருவரும் எலும்பில் கல்சியம் பொசுபேற்று இருப்பதைக் காட்டினார்கள். அதன் பிறகு பொசுபேற்று இரசவாதியின் பானையிலிருந்து கமக்காரனின் வயலுக்கு வந்தது. ஜேர்மனியில் லீபிக், தாவரம் மண்ணிலிருந்து கனியுப்புகளை எடுத்துத்தான் வளர்கிறது என்பதை 1840 இல் உரத்துச் சொன்னார். இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் ஜோன் லோஸ், எலும்பையும் பொசுபேற்றுப் பாறையையும் சல்பூரிக் அமிலத்தில் கரைத்து சுப்பர்பொசுபேற்று என்ற பசளையை ஆக்கி 1842 இல் காப்புரிமை பெற்றார். நம் வட்டைகளுக்கு வரும் ரி.எஸ்.பி. அந்தப் பரம்பரையின் பிள்ளைதான்.

இந்தக் காலம் முழுவதும் மனிதன் படித்தது பாடத்தின் ஒரு பாதியை மட்டும்: பொசுபேற்றுக் குறைந்தால் பயிர் வாடும், ஆகவே போடு. கூடினால் என்ன என்ற மறுபாதி யாருடைய மனதிலும் வரவில்லை. தட்டுப்பாட்டுக்குள் பிறந்த அறிவு அப்படித்தான் இருக்கும். பசித்தவன் அஜீரணத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

கணக்குப் பார்க்க முதலில் அளக்கத் தெரிய வேண்டும். அந்த அளவுகோலைச் செய்து தந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக் கரையைச் சேர்ந்தவர் என்பதை எங்கள் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 இல் அன்றைய மதராஸ் மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1923 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். ஹாவார்ட் மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபேற்றை நிறத்தால் அளக்கும் முறையை 1925 இல் வெளியிட்டார். மொலிப்டேற்று சேர்த்துத் தாழ்த்தினால் கரைசல் நீலமாகும். நீலம் கடுமையாக இருந்தால் பொசுபேற்று அதிகம், மங்கலாக இருந்தால் குறைவு. ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்ற பெயர் இன்றும் ஆய்வுகூடங்களில் வழங்குகிறது.

அந்த நீல நிறத்தை வைத்துக்கொண்டே இருவரும் தசைக்குள் போனார்கள். பொசுபோகிரியற்றீன் என்ற சேர்வையை 1927 இல் அறிவித்தார்கள். 1929 இல் ஏ.ரி.பி.யைக் கண்டார்கள். அதே வருடம் ஜேர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டிருந்தார். உடம்பின் சக்தி பொசுபேற்றில் கட்டிவைத்துக் கைமாறுகிறது என்ற உண்மை அதன் பின்னர்தான் மெல்ல மெல்லத் தெளிவாகியது.

மனிதனுக்கு இப்படி அளக்கத் தெரிந்துவிட்டது. கலத்துக்கு அளக்கத் தெரியுமா? முதல் விடை ஒரு பற்றீரியாவிடமிருந்து வந்தது. நம் குடலிலும் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியா அது.

1959 இல் ஜப்பானிய ஆய்வாளர்களான ஹொரியுச்சியும் சகாக்களும், 1960 இல் இத்தாலியில் பிறந்த அன்னமரியா தொரியானி என்ற பெண் விஞ்ஞானியும் ஒரே விடயத்தைக் கவனித்து எழுதினார்கள். வளர்ப்பு ஊடகத்தில் பொசுபேற்று தாராளமாக இருக்கும்போது அந்தப் பற்றீரியா அல்கலைன் பொசுபற்றேசு என்ற நொதியத்தை ஏறத்தாழச் செய்வதே இல்லை. பொசுபேற்று தீரத் தொடங்கியதும் அதைப் பெருமளவில் செய்து தள்ளுகிறது. அந்த நொதியத்தின் வேலை, வேறு சேர்வைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொசுபேற்றை வெட்டி எடுப்பது. வீட்டில் அரிசி இருக்கும்வரை யாரும் கிழங்கு தோண்டப் போவதில்லை. அரிசி முடிந்தால் மண்வெட்டியைத் தேடுவார்கள். பற்றீரியாவும் அப்படித்தான்.

அதற்கு எப்படித் தெரிகிறது? பின்வந்த பல வருட ஆய்வுகள் காட்டிய படம் இது. பற்றீரியாவின் மென்சவ்வில் பொசுபேற்றை உள்ளே கடத்தும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலோடு சேர்ந்து ஒரு காவல் புரதம் நிற்கிறது. வாசலால் பொசுபேற்று நன்றாக வந்துகொண்டிருந்தால் காவல் புரதம் பேசாமல் இருக்கும். வரவு குறைந்தால், அது ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை எடுத்து உள்ளேயுள்ள தூதுப் புரதத்தின் மேல் வைக்கும். தூதுப் புரதம் போய் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து, தட்டுப்பாட்டுக் காலத்துக்கான பரம்பரையலகுகள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்கும். இதில் ஒரு வேடிக்கை: "பொசுபேற்று குறைந்துவிட்டது" என்ற செய்தியை எழுதுவதற்கு அது பயன்படுத்தும் மையும் பொசுபேற்றுத்தான்.

வாசலில் நின்று வரவை எண்ணுவது ஒரு முறை. பாண் பொங்கவைக்கும் மதுவம் வேறொரு முறையைப் பிடித்தது. அது உள்ளிருப்பைப் பார்க்கிறது.

ஒசாக்காவில் யசுஜி ஒஷிமா, அகியோ தோ-எ ஆகியோரின் குழு, பொசுபேற்றுத் தட்டுப்பாட்டை உணரத் தவறும் மதுவ விகாரங்களை 1970 களில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது. எந்தப் பரம்பரையலகு பழுதானால் எந்த வேலை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சங்கிலியைக் கட்டினார்கள். 1990 களில் கலிபோர்னியாவில் எரின் ஓஷே குழு அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் திறந்து காட்டியது. பொசுபேற்று நிறைய இருக்கும்போது ஒரு கட்டளைப் புரதம் கருவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. தட்டுப்பாடு வந்ததும் அது கருவுக்குள் புகுந்து வேலையைத் தொடங்குகிறது. தட்டுப்பாட்டுக் காலத்துக்கென்று மதுவம் தன் புன்வெற்றிடத்தில் பொசுபேற்றை நீண்ட சங்கிலியாகக் கோத்துச் சேமித்தும் வைத்திருக்கிறது.

ஆனால் உள்ளிருப்பை அளக்கும் கோல் எது? இதற்கான விடை ஒருமுறை தலைகீழாகப் புரண்டது. இனோசிற்றோல் என்ற ஆறு காபன் வளைய மூலக்கூறு ஒன்று கலத்துக்குள் இருக்கிறது. அதில் ஆறு பொசுபேற்றுகள் ஒட்டலாம். அதற்கு மேலும் ஏழாவது, எட்டாவது என்று ஏற்றலாம். இந்த மூலக்கூறுதான் செய்தி என்று 2007 இல் ஓஷே குழு சொன்னது, பட்டினியில் அது கூடுகிறது என்றும் சொன்னது. பிறகு வேறு ஆய்வுகூடங்கள் அளந்தபோது பட்டினியில் அது குறைவதையே கண்டன. 2016 இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா, லொசான் நகர்களைச் சேர்ந்த ஹோதோர்ன், மேயர் குழுக்கள், இந்த மூலக்கூறு போய் ஒட்டும் இடத்தைக் காட்டின. எஸ்.பி.எக்ஸ். என்று பெயரிடப்பட்ட ஒரு புரதப் பகுதி அது. மதுவத்திலும் தாவரத்திலும் மனிதனிலும் அது இருக்கிறது. 2023 இல் மேயரின் குழு மதுவத்தில் நுட்பமாக அளந்து, எட்டுப் பொசுபேற்றுள்ள வடிவம் குறைவதுதான் பட்டினிச் செய்தி என்று தெளிவாக்கியது. விஞ்ஞானத்தில் பெரிய பெயருள்ளவர் சொன்னாலும் மறுபடி அளந்து பார்ப்பார்கள். மாணவர்கள் இதையும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை வீட்டு மொழியில் சொன்னால்: உம்மா அரிசிச் சாக்கில் ஒவ்வொரு மணியாக எண்ணுவதில்லை. சுண்டை உள்ளே விடும்போது கை எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தே, "இன்னும் நாலு நாளைக்குத்தான் காணும்" என்று சொல்லிவிடுவா. கலமும் பொசுபேற்றை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கையிருப்பு தாராளமாக இருந்தால் அந்த வளையத்தில் எட்டாவது பொசுபேற்றையும் ஏற்றும் வசதி இருக்கும். கையிருப்பு குறைந்தால் அந்த ஆடம்பரம் முதலில் போய்விடும். அந்த மூலக்கூறுதான் கலத்தின் சுண்டு.

நெற்பயிரும் இதே சுண்டால்தான் அளக்கிறது. ஸ்பெயின் நாட்டின் மட்ரிட்டில் பாஸ்-ஆரெஸ் குழு 2001 இல் தாவரங்களின் பட்டினிக் கட்டளைப் புரதத்தைக் கண்டது. பொசுபேற்று நிறைந்திருக்கும்போது எஸ்.பி.எக்ஸ். புரதம் அந்தக் கட்டளைப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும். குறைந்தால் அவிழ்த்துவிடும். அவிழ்ந்ததும் வேர் தன் வாசல்களைப் பெருக்குகிறது, வேர்மயிர்களைக் கூட்டுகிறது. வேரோடு கூட்டாக வாழும் பங்கசுக்கும் கதவைத் திறக்கிறது. அந்தப் பங்கசு தன் இழைகளால் தூரத்து மண்ணிலுள்ள பொசுபேற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தாவரத்திடமிருந்து உணவைப் பெற்றுக்கொள்ளும். இந்தக் கூட்டு ஒப்பந்தத்தையும் அதே கட்டளைப் புரதங்களே நடத்துகின்றன என்று 2021 இல் சீனாவில் நெற்பயிரில் செய்த ஆய்வு காட்டியது. பொசுபேற்று மிகையானால் தாவரம் வாசல்களைக் குறைக்கிறது, பங்கசுக் கூட்டாளியையும் தள்ளிவைக்கிறது. ஆகவே தேவைக்கு மேல் போடும் பசளையைப் பயிர் தின்று தீர்ப்பதில்லை. அது கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்திவிடுகிறது. மிச்சம் மண்ணிலுள்ள இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டுண்டு கிடக்கும், அல்லது மழையோடு ஓடிப்போய்க் குளத்தில் பாசியை வளர்க்கும்.

இப்போது மனித உடம்புக்கு வருவோம். இங்கே கதை துயரமானது, ஏனென்றால் ஒவ்வொரு அடியும் ஒரு நோயாளியின் வழியாகத்தான் வந்தது.

ரிக்கற்சு என்பது பிள்ளைகளின் எலும்பு வளையும் நோய். விற்றமின் டி கொடுத்தால் மாறும். 1937 இல் பொஸ்டனில் ஃபுல்லர் ஓல்பிரைட் என்ற வைத்தியர், வழமையான அளவு விற்றமின் டி கொடுத்தும் மாறாத ரிக்கற்சு உள்ள ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினார். இரத்தத்தில் பொசுபேற்று குறைவு, சிறுநீரில் அது வீணாகப் போய்க்கொண்டிருந்தது. 1959 இல் சூரிச் நகரில் அந்திரேயா பிராடர் இன்னொரு பிள்ளையைப் பற்றி எழுதினார். 11 வயதுச் சிறுமி. கடுமையான ரிக்கற்சு. விலா எலும்பில் ஒரு கட்டி. அந்தக் கட்டியை வெட்டி எடுத்ததும் ரிக்கற்சு குணமாகிவிட்டது. அப்படியென்றால் கட்டியிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து, "பொசுபேற்றை வெளியே கொட்டு" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிட்டிருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' எது என்று கண்டுபிடிக்க 40 வருடம் போனது.

2000 ஆம் ஆண்டு, பரம்பரையாக வரும் இதே மாதிரியான ஒரு நோயுள்ள குடும்பங்களை ஆராய்ந்த சர்வதேசக் குழு அந்தப் பரம்பரையலகைப் பிடித்தது. அது ஆக்கும் ஓமோனின் பெயர் எஃப்.ஜி.எஃப். 23. அடுத்த வருடமே ஜப்பானிய ஆய்வாளர்கள், கட்டிகள் சுரப்பதும் இதே ஓமோனைத்தான் என்று காட்டினார்கள். சாதாரணமாக இதைச் சுரப்பது எலும்புக் கலங்கள். எலும்பு என்றால் உடம்பைத் தாங்கும் தூண் என்றுதான் நாம் கற்பித்து வந்தோம். அது களஞ்சியப் பொறுப்பாளரும்கூட. "களஞ்சியம் நிறைந்துவிட்டது, இனி வெளியே அனுப்பு" என்று சிறுநீரகத்துக்குக் கடிதம் எழுதுவது எலும்புதான். 2018 இல் இந்த ஓமோனைத் தடுக்கும் ஒரு மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. ஓல்பிரைட் பார்த்தது போன்ற நோயுள்ள பிள்ளைகளுக்கு, மூலகாரணத்தையே தடுக்கும் வழி 81 வருடங்களுக்குப் பிறகு கிடைத்தது.

இதற்கிடையில் மறுபாதிப் பாடம் வேறொரு வாசலால் வந்தது. 1997 இல் ஜப்பானில் மக்கோட்டோ குரோ-ஓ குழு ஒரு விசித்திரமான எலியைப் பற்றி எழுதியது. அது குட்டியாக நன்றாகப் பிறந்து, சில வாரங்களில் கிழடாகிவிடும். இரத்தக்குழாய் கல்லாகும், தோல் மெலியும், எலும்பு நோயும். இரண்டு மாதமளவில் இறந்துவிடும். பழுதாகியிருந்த பரம்பரையலகுக்கு, கிரேக்கப் புராணத்தில் வாழ்வின் நூலை நூற்பவளின் பெயரால் 'குளோதோ' என்று பெயரிட்டார்கள். 2006 இல் விடயம் விளங்கியது. எலும்பு எழுதும் அந்தக் கடிதத்தை வாசிக்கச் சிறுநீரகத்துக்குக் குளோதோ வேண்டும். அது இல்லாவிட்டால் கடிதம் வரும், வாசிக்க ஆளில்லை. பொசுபேற்று தேங்கிவிடும். அந்த எலிகளுக்குப் பொசுபேற்றுக் குறைந்த உணவு கொடுத்தபோது பல கோளாறுகள் தணிந்தன.

2000 ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் ஜியாக்கெல்லி குழு செய்த சோதனை இதைவிடத் திடுக்கிட வைத்தது. மனித இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைக் கலங்களை எடுத்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படுமளவு உயர்ந்த பொசுபேற்றில் வளர்த்தார்கள். அந்தக் கலங்கள் எலும்புக் கலங்களைப் போல நடக்கத் தொடங்கின, கல்சியத்தைப் படியவிட்டன. கலம் மிகையை உணர்ந்து தன் தொழிலையே மாற்றிக்கொண்டது. வளைந்து கொடுக்க வேண்டிய குழாய் எலும்பாக முயன்றது.

உம்மா, வாப்பாவின் மாத்திரையை இப்போது பாருங்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது, எலும்பு எஃப்.ஜி.எஃப். 23 ஐக் கூட்டிக் கூட்டி எழுதும். மீதமுள்ள நல்ல பகுதி இரட்டிப்பு வேலை செய்து மிச்சத்தை வெளியேற்றும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் பொசுபேற்று நெடுநாளைக்குச் சரியாகவே காட்டும். தாக்குப்பிடிக்க முடியாத கட்டத்தில்தான் அது ஏறும். அந்த மாத்திரை சாப்பாட்டிலுள்ள பொசுபேற்றைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போவதற்கானது. சாப்பாடு குடலைத் தாண்டிய பிறகு விழுங்கினால் பிடிக்க அங்கே ஒன்றும் இராது. "நோவு ஒன்றுமில்லையே, ஏன் விழுங்க வேணும்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இரத்தக்குழாய் கல்லாவது நோகாது. அதுதான் ஆபத்து.

உணவிலும் ஒரு வேறுபாடு உண்டு. பருப்பிலும் தானியத்திலும் உள்ள பொசுபேற்றின் பெரும்பகுதி கட்டுண்டிருப்பதால் முழுவதும் உடம்பில் சேராது. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சிக்கும், சில பொதிசெய்த உணவுக்கும், கறுப்பு நிறக் கோலாப் பானத்துக்கும் சேர்க்கும் பொசுபேற்று மிக இலகுவாக உறிஞ்சப்படும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் அன்போடு கொண்டுபோகும் போத்தல் எது என்று ஒருமுறை யோசிப்போம். அதேவேளை, இந்தப் பதிவை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையையோ உணவையோ தாமாக மாற்ற வேண்டாம். கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்.

உடம்பின் அளவுகோல் எங்கே இருக்கிறது என்ற தேடலும் நிற்கவில்லை. 2020 இலும் 2023 இலும் பொஸ்டன் ஆய்வாளர்கள் காட்டிய ஒரு வழி: பொசுபேற்று கூடும்போது சிறுநீரகக் கலம் சீனியை உடைக்கும் பாதையில் கிளிசரோல் பொசுபேற்று என்ற ஒரு பொருள் கூடுகிறது. அது இரத்தத்தோடு எலும்புக்குப் போய், எஃப்.ஜி.எஃப். 23 ஐச் சுரக்கத் தூண்டுகிறது. கடிதம் எலும்பிலிருந்து சிறுநீரகத்துக்கு மட்டும் போகவில்லை, திரும்பியும் வருகிறது. அதே 2023 இல் ஹாவார்டின் பெரிமன் ஆய்வுகூடத்தில், பழ ஈயின் குடற்கலங்களுக்குள் பொசுபேற்றைச் சேமிக்கும் ஒரு புதிய சிற்றுறுப்பையே கண்டார்கள். வெங்காயம் போலப் பல மென்சவ்வு அடுக்குகள் கொண்டது. பொசுபேற்று குறைந்தால் அது கரைந்து இருப்பை விடுவிக்கிறது. குடலில் புதிய கலங்கள் பெருகுகின்றன. மனிதக் கலங்களிலிருந்து பொசுபேற்றை வெளியே அனுப்பும் எக்ஸ்.பி.ஆர். 1 என்ற புரதத்தின் உறவினர் ஒன்றுதான் அந்தச் சிற்றுறுப்பின் சுவரில் வேலை செய்கிறது. அந்த மனிதப் புரதத்தை முதலில் எலி வைரசு ஒன்று நுழையும் வாசல் என்றுதான் அறிந்திருந்தார்கள். அதன் உண்மையான தொழில் 2013 இல்தான் தெரிந்தது.

கடைசியாக நம் மண். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் பொசுபேற்றுப் பாறைப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து அவசரமாகத் தோண்டி எடுக்கும் திட்டத்துக்கு எதிராக அவ்வூர்க் கமக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. இயற்கை வளம் அடுத்த தலைமுறைக்கும் உரியது என்று வலியுறுத்தியது. அந்தப் பாறை மெதுவாகக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்குப் பொருந்தும். மூன்று நாலு மாத நெல்லுக்கு இன்றும் கப்பலில் வரும் பசளையையே நம்பியிருக்கிறோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதையும், அதே வருடம் நொவம்பரில் அந்த முடிவைத் திருப்பியதையும் நம் கமக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு காலம் கண்மூடிக் கொட்டினோம், ஒரு போகம் கண்மூடி நிறுத்தினோம். இரண்டிலும் மண்ணை அளந்து பார்க்கவில்லை.

ஒரு பற்றீரியா வாசலில் நின்று வரவை எண்ணுகிறது. மதுவமும் நெல்லும் கையிருப்பைச் சுண்டால் பார்க்கின்றன. நம் எலும்பும் சிறுநீரகமும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொள்கின்றன. குறைவும் கேடு, மிகையும் கேடு. அளந்த பின்பே செலவு. இந்தப் பாடத்தின் முதற்பாதியை மனிதன் எலும்பையும் பாறையையும் கரைத்துப் படித்தான். மறுபாதியைப் படித்துக் கால் நூற்றாண்டுதான் ஆகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த போகத்துக்கு அடிக்கட்டுப் பசளை வாங்க முன்னர் உங்கள் வட்டை மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மண்ணைப் பரிசோதித்துப் பசளை போட்ட கமக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.